ஒரு நாள் கூலியும் ஒரு பிடி அரிசியும்

சிவகாசி வட்டாரத்துக் கல்லூரி அணிகளைப் புலி, சிங்கம், கழுகு என்று யாரும் கூப்பிடுவதில்லை. கல்லூரியின் சுருக்கப் பெயர்தான் அணியின் பெயர். "மெப்கோ ஜெயிச்சிருச்சு", "அஞ்சாக் பையன் நல்லா ஆடுறான்", "எஸ்.எஃப்.ஆர். பொண்ணுங்க ஃபைனலுக்கு வந்துட்டாங்க" என்பதுதான் மைதானத்துப் பேச்சு. ஆட்டச் சட்டையின் முதுகில் அச்சிட்ட அந்தச் சில எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றும் ஒரு தொழிற்கூட வாசலில் கொண்டுபோய் விடும். முதலாவது அலுமினியத் தூள் செய்யும் நிறுவனம். அடுத்தது இந்த மண்ணுக்குத் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரின் குடும்பம். மூன்றாவது இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942இல் தொடங்கிய பட்டாசு நிறுவனம். கல்லூரி அணியின் பெயருக்குள் ஒரு போர் புகுந்தது எப்படி என்று பார்க்கத்தான் விருதுநகரிலிருந்து சிவகாசி வரை போய்வந்தேன்.

பயணத்தை விருதுநகர் கடைத்தெருவிலிருந்து தொடங்குவதே சரி. தெப்பக்குளத்தைச் சுற்றிய பஜாரில் காலையிலேயே மிளகாய் வற்றலின் நெடி மூக்கில் ஏறுகிறது. பருப்பு, எண்ணெய், மல்லி, ஏலக்காய் என்று மூட்டைகள் ஏறி இறங்குகின்றன. இந்த ஊர் வியாபாரிகள் தங்கள் வரவில் ஒரு பங்கை 'மகமை' என்று ஒதுக்கி வைப்பார்கள். அது நாடார் சமூகத்தின் ஊர் அமைப்பான உறவின்முறையின் பொதுப்பணம். கோயில், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுப் பெண்களும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். பள்ளிக்கூடத்து ஆள் வந்து வாங்கிப் போவார். அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் காமராஜர்.

அந்த அரிசிக்குப் பின்னால் ஒரு காயமும் இருக்கிறது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார் சமூகத்தின் மீது 1899இல் சிவகாசியில் பெருந்தாக்குதல் நடந்தது. வட்டாரத்தில் இன்றும் அதைச் 'சிவகாசிக் கொள்ளை' என்றே சொல்கிறார்கள். அடிபட்ட மக்கள் கடையையும் படிப்பையும் இறுகப் பற்றிக்கொண்டார்கள். விருதுநகரில் 1947இல் எழுந்த செந்திக்குமார நாடார் கல்லூரியும், பின்னாளில் சிவகாசியைச் சுற்றி எழுந்த கல்லூரிகளும் அந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சி.

பெயர்களைப் பற்றி இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விருதுபட்டி, விருதுநகர் ஆனது 1923இல். சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு இங்கே தேசபந்து மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13 அன்று உயிர்விட்டார். 1985இல் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தபோது இது காமராஜர் மாவட்டம். பிறகுதான் விருதுநகர் மாவட்டம். ஒரு பெயருக்காக உயிரைக் கொடுத்த மனிதரின் ஊரில் பெயர்களின் வரலாற்றைத் தேடுவது வீண்வேலை ஆகாது.

காமராஜர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. குறுகலான தெரு, சின்ன வீடு. சுவரில் உள்ள படங்களைப் பார்த்தபடி நிற்கையில் நான் தேடிவந்த போர்க்காலமே அங்கே எதிரில் வந்தது. சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் போர் நிதி திரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. "போர் நிதிக்குக் காசு கொடுக்காதீர்கள்" என்று காமராஜர் ஊர் ஊராகப் பேசினார். 1940 டிசம்பரில் வார்தாவுக்குப் போகும் வழியில் குண்டூரில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கைது செய்யப்பட்டு வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். சிறையில் இருக்கும்போதே விருதுநகர் மக்கள் அவரை நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1941 நவம்பரில் வெளியே வந்ததும், நாட்டு வேலை அதைவிடப் பெரியது என்று அந்தப் பதவியை விட்டு விலகினார்.

அவர் கொடுக்க வேண்டாம் என்ற நிதி வேறு பலரிடமிருந்து சேரத்தான் செய்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 234, 264 ஆகிய எண்கள் கொண்ட படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் சேர்ந்தது. நம் மாகாணத்தின் பணம் ஒரு போர் அணியின் பெயராகி ஐரோப்பிய வானத்தில் பறந்தது. விருதுநகர் அடுக்களைகளில் கலயத்தில் விழுந்த பிடி அரிசியோ பள்ளிக்கூடத்துக்குப் போனது. சாதாரண மனிதர் கையிலிருந்து போகும் சிறு காசு எந்தப் பெயராக மாறுகிறது என்ற கேள்வி எனக்குள் அங்கேதான் எழுந்தது. மேற்கே போகப் போக அது வலுத்தது.

சிவகாசி வண்டி ஊரைத் தாண்டியதும் கரிசல் காடு விரிகிறது. வேலிக்கருவேலம், மக்காச்சோளம், அங்கங்கே ஒரு கண்மாய். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்த மண் விவசாயிக்குக் கஷ்டம்தான். ஆனால் மருந்து காய்வதற்கும் தீக்குச்சி காய்வதற்கும் இதைப் போன்ற பூமி கிடைக்காது. வெடிமருந்துக் கலவையை இங்கே எல்லோரும் 'மருந்து' என்றுதான் சொல்கிறார்கள். தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பார்கள்: தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். "ஆபீசுக்குப் போய்க்கிட்டு இருக்கேன் தம்பி" என்று பக்கத்து இருக்கை அக்கா சொன்னால், அவர் தூக்குவாளியோடு இறங்கும் இடம் வெட்டவெளியில் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள் கொண்ட வளாகமாக இருக்கும். ஓர் அறையில் விபத்து நடந்தால் அடுத்த அறைக்குப் பரவாதிருக்கத்தான் அந்த இடைவெளி. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற விதியும் அதற்காகத்தான். மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஆமத்தூர்ப் பக்கம் வருகிறது மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. 1984இல் தொடங்கியது. மெப்கோ என்பது திருமங்கலத்து மெட்டல் பவுடர் கம்பெனியின் சுருக்கம். ஷ்லெங்க் என்பது உலோகத் தூள் செய்யும் ஜெர்மன் நிறுவனத்தின் பெயர். பட்டாசு வெடிக்கும்போது கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளியைத் தருவது அலுமினியத் தூள்தான். அதனோடு கந்தகமும் ஆக்சிஜனைத் தரும் உப்பும் சேர்ந்தால் பேரொலி பிறக்கும். இதே அலுமினியத் தூளை இரண்டாம் உலகப் போரில் எரிகுண்டுகளிலும், கப்பலை உடைக்கும் நீர்மூழ்கிக் கணைகளின் மருந்திலும் சேர்த்தார்கள். இங்கே அந்தத் தூளின் பெயரை மாணவர்கள் முதுகில் அணிந்து ஓடுகிறார்கள்.

குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் இருக்கும் திருத்தங்கலைத் தாண்டினால் சிவகாசி. சாலையோரம் பட்டாசுக் கடைகளின் பெயர்ப்பலகைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்தச் சாலையில்தான் ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி இருக்கிறது. நீளமான அந்தப் பெயரை மூன்றே எழுத்தாக்கி 'எஸ்.எஃப்.ஆர்.' என்கிறார்கள். பட்டாசு நிறுவனத்தின் பெயரை முழுதாகத் தாங்கி நிற்கும் மகளிர் கல்லூரி இந்தியாவில் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கல்லூரிகளுக்கிடையிலான பெண்கள் கைப்பந்துப் போட்டியைப் பார்த்தேன். பந்தைத் தூக்கி அடிக்கத் துள்ளும் ஒவ்வொரு முறையும் முதுகில் அந்த மூன்று எழுத்துகள் மேலே எழும்பின. சுற்றி நின்றவர்களும் அதைச் சொல்லித்தான் கத்தினார்கள்.

அந்தப் பெயரின் கதை 1940இல் தொடங்குகிறது. வெடிபொருள் சட்டம் 1884லேயே வந்துவிட்டது. பட்டாசு செய்ய, வைத்திருக்க, விற்க உரிமம் வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தவை 1940ஆம் ஆண்டு விதிகள். போர் மூண்டதால் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த பட்டாசு வரத்துக் குறைந்தது. தீபாவளியும் கல்யாணமும் திருவிழாவும் நிற்கவில்லை. வாங்க ஆள் இருந்தும் சரக்கு இல்லை. தீப்பெட்டித் தொழிலில் ரசாயனத்தைக் கையாண்டு பழகியிருந்த சிவகாசிக்காரர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். 1942இல் ஊரில் இருந்தவை மூன்றே பட்டாசு ஆலைகள்: நேஷனல், காளீஸ்வரி, ஸ்டாண்டர்டு. என்.ஆர்.கே. ராஜரத்தினத்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் அந்த ஆண்டில்தான் பிறந்தது. அதே ஆண்டு ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. ரங்கூனில் பிழைத்துக்கொண்டிருந்த தமிழர்கள் காடும் மலையும் கடந்து ஊருக்கு நடந்தார்கள். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் எழ, காமராஜர் மறுபடியும் சிறைக்குப் போனார். அந்த ஆண்டில் பிறந்த நிறுவனத்தின் பெயர்தான் 1968இல் கட்டிய கல்லூரியின் வாசலில் நிற்கிறது.

இன்னும் பின்னால் போனால் முதல் உலகப் போர். 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அந்தக் கப்பலின் பெயர், கெட்டிக்காரனுக்கும் கண்டிப்பானவனுக்கும் பட்டப்பெயராகத் தமிழில் இன்றும் வழங்குகிறது. அந்தப் போர் சிவகாசிக்கும் ஒரு வாசலைத் திறந்தது. அதற்கு முன் இந்தியா பற்றவைத்த தீக்குச்சி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. போரில் ஸ்வீடன் சரக்கு நின்றுபோக, ஜப்பான் சந்தையைப் பிடித்தது. கல்கத்தாவில் குடியேறியிருந்த ஜப்பானியக் குடும்பங்கள் எளிய கருவிகளைக் கொண்டு தீப்பெட்டி செய்தன. வங்காளிகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் வந்தது. தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகங்கள் வந்தன. காலண்டரும் டைரியும் அந்த வழியில் வந்தவைதான். அய்ய நாடார், ஜானகி அம்மாள் தம்பதியின் பெயரில் 1963இல் எழுந்த கல்லூரிதான் மைதானத்தில் 'அஞ்சாக்'.

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைத்தவர் நேரு என்பார்கள். அந்தப் பட்டப்பெயரைச் சுறுசுறுப்புக்குக் கிடைத்த பாராட்டாகவே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஜப்பானியர் கை பழகிய தொழில்தான் கல்கத்தா வழியாக இங்கே வந்தது என்று தெரிந்தவருக்கு அந்தப் பெயரின் கனம் கூடும்.

கடைகளுக்குள் நுழைந்தபோது அந்தக் கனம் வேறுவிதமாக என்னைத் தாக்கியது. சங்கு சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, சாட்டை, குருவி வெடி, லட்சுமி வெடி என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நடுவில், இறுக்கிச் சுற்றிய நூல் உருண்டை. "அணுகுண்டு வேணுமா அண்ணாச்சி? சின்னது, பெருசு ரெண்டும் இருக்கு" என்றார் கடைக்காரத் தம்பி. அணுகுண்டு. சிறு வயதில் நானும் ஆசையாகக் கேட்டு வாங்கிய பெயர்தான். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும், ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியிலும் விழுந்தது அது. தீக்குச்சி செய்யும் வித்தையை நமக்கு மறைமுகமாகத் தந்த நாட்டில் விழுந்தது. உலகத்தின் மிகப் பெரிய துயரங்களில் ஒன்று, குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் வெடிக்குப் பெயராகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்ததல்ல. சத்தம் பெரிது என்று சொல்ல அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய சொல் இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு ஊர்களைப் பற்றி ஒருமுறையாவது நாம் சொல்ல வேண்டும்.

அணுகுண்டின் பெயரை விளையாட்டு அணிக்கு வைத்துக்கொண்ட ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்து ரிச்லண்ட். பக்கத்தில் ஹான்ஃபோர்டு. நாகசாகியில் விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் அங்கேதான் உருவானது. என்ன செய்கிறோம் என்பதே அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1944இல் அந்தத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் ஆளுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்து, பி-17 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை ராணுவத்துக்கு வாங்கித் தந்தார்கள். அந்த விமானத்துக்கு 'ஒரு நாள் கூலி' என்றே பெயர் எழுதினார்கள். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் அணிக்குப் பெயர் 'பாம்பர்ஸ்', குண்டு வீசுவோர். அதன் சின்னத்தில் குண்டுவெடிப்பில் எழும் காளான் மேகம் இருக்கிறது. பெயர் அந்த விமானத்தால் வந்ததா, நாகசாகிக் குண்டால் வந்ததா என்று ஊருக்குள்ளேயே வாக்குவாதம். அந்தச் சின்னம் வேண்டுமா என்ற விவாதமும் தொடர்கிறது.

அந்தத் தொழிலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கள் பிள்ளைகள் போர்முனையில் இருந்த காலத்தில், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு கொடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நாள் கூலி விமானமானது. இங்கே ஒரு பிடி அரிசி பள்ளிக்கூடமானது. அங்கே போரின் நினைவைப் பள்ளிக்கூடம் சின்னமாகத் தூக்கிக்கொண்டது. இங்கே போர் திறந்துவிட்ட சந்தையில் சேர்ந்த பணம், பெண்கள் படிக்கும் கல்லூரியாக உருமாறியது. அதைப் பார்த்துப் பெருமைப்பட நமக்கு எல்லா நியாயமும் உண்டு.

ஆனால் அந்தப் பெருமையோடு கதையை முடித்துவிட்டால் அது பாதி உண்மை. பிடி அரிசி, தெரிந்து, விரும்பிக் கொடுத்தது. வெடி ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைத்தவர்கள் கொடுத்தது வேறு. அவர்களில் பெரும்பங்கு பெண்கள். ஒரு காலத்தில் குழந்தைகள். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் விடியுமுன்னே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பிள்ளைகளின் ஊர் இது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நலநிதியில் கட்ட வேண்டும் என்றது. அரசும், தொண்டு நிறுவனங்களும், ஆசிரியர்களும், தாய்மார்களும் தள்ளித் தள்ளித்தான் அந்தப் பிள்ளைகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள்.

உயிரையும் கொடுத்தார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். செய்தித்தாளின் ஒரு பத்தியில் அடங்கிப்போன விபத்துகளுக்கு அளவில்லை. இந்தப் பகுதிக் கிராமங்களில் சுவரில் மாலையோடு தொங்கும் படங்களைக் காட்டி, "மருந்து அறையில போனது" என்று ஒரே வரியில் சொல்கிறார்கள். அந்த வரிக்கு மேல் அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மாறச் சொன்னது. நகரத்துக் காற்றுக்கும் குழந்தைகளின் நெஞ்சுக்கும் அது தேவைதான். அந்தத் தீர்ப்பின் சுமை அதிகம் விழுந்தது சரவெடி பின்னிப் பிழைத்த கைகளின் மேல் என்பதையும் மறக்கக் கூடாது. உழைத்தவர் வீட்டுப் பெண் இன்றைக்குக் கல்லூரி வாசலில் நிற்கிறாள். வெடி ஆபீஸ் வேலையைத் தன்னோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்று தாய் உறுதியாக இருப்பதால்தான் அவள் அங்கே நிற்கிறாள். இந்த வட்டாரத்தில் நான் பேசிய தாய்மார்கள் எல்லோரும் சொன்னது இதைத்தான்: "நம்மளோட போகட்டும்."

கல்லூரியின் பெயர்ப்பலகையில் நிறுவனரின் பெயர் இருப்பது நியாயமே. பணம் சேர்த்த பலர் மாளிகையோடு நின்றுவிட, இவர்கள் கல்லூரி கட்டினார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்துத் தந்த கைகளின் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை. இதைச் சரிசெய்யப் புதிய பலகை தேவையில்லை. இந்தக் கல்லூரிகளில் தமிழ்த் துறை இருக்கிறது, ஆங்கிலத் துறை இருக்கிறது, கணிப்பொறித் துறை இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் வெடி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போர்க்காலத்து முதல் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து திரி செய்தவர்களும் குழாய் உருட்டியவர்களும் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். மாணவிகள் போய்ப் பாட்டிகளிடம் கேட்கட்டும். எந்த ஆபீஸ், என்ன கூலி, யார் கூட உட்கார்ந்திருந்தார்கள், யார் திரும்பி வரவில்லை என்று பதிவு செய்யட்டும். அதைப் பருவத் தேர்வுக்கு உரிய பாடமாகவே வைக்கலாம்.

ஆட்டச் சட்டையில் உள்ள அந்த எழுத்துகளை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரிச்லண்ட் ஊரைப் போல அதற்காகச் சண்டை போடவும் இங்கே ஒன்றுமில்லை. அதை அணிந்து களமிறங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தப் பெயருக்குள் ஒரு நிறுவனரும், ஒரு போரும், ஆயிரக்கணக்கான தாய்மாரின் உழைப்பும் இருப்பது தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு ஆடினால் அந்தப் பெயரில் அவளுக்கும் பாத்தியதை வந்துவிடும்.